கோடைக்குப் பட்டணம்

இன்று பாடிக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜவுளி வாங்கப் போகிறார்கள். பல மாடிக் கடைகள், அவற்றுக்கு முன்னால் பின்னிப் பிணைந்து கிடக்கும் மேம்பாலம், பாலத்தின் மேலும் கீழும் ஓயாத மோட்டார் வெள்ளம். இவற்றைக் கண்டு திகைத்து நின்றுவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு, அருகிலேயே திருஞானசம்பந்தர் பாடிய தலம் ஒன்று இருப்பது நினைவுக்கு வருவதில்லை. திருவலிதாயம் என்று அதற்குப் பெயர். பரத்வாஜ முனிவர் வலியன் என்னும் கருங்குருவியாக வந்து சிவனை வழிபட்ட ஊர் என்பது ஐதிகம். முனிவர் குருவியாக வந்த ஊருக்கு மனிதர்கள் வண்டி வண்டியாக வருவதில் என்ன அதிசயம்?

'பாடி' என்ற சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்றும் ஒரு பொருள் உண்டு. எந்த ராஜாவின் படை இங்கே தங்கியது என்ற விவாதத்தை ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு படை இங்கே தங்கியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அது கோடை விடுமுறைக்கு வரும் உறவினர் படை! பட்டணத்துக்கு மேற்கே ஏழு மைலில், திருவள்ளூர் சாலையில், கிணற்று நீரும் வேப்ப மர நிழலும் மலிவான வாடகையும் உள்ள கிராமம். வில்லிவாக்கம் ரயில் நிலையம் நடை தூரம். பட்டணத்தில் உத்தியோகம் பார்த்து இப்படிப்பட்ட ஊரில் குடியிருந்த ஒரு மனிதருக்கு, சித்திரை பிறந்தால் விருந்தாளி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த வில்லிவாக்கம் ரயில் பாதையை வைத்துத்தான் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சென்ட்ரலிலிருந்து மேற்கே போகிற இந்தப் பாதைதான் நீலகிரிக்கும் பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னை மாகாண அரசாங்கம் ஆண்டுதோறும் வெயில் காலத்தில் உதகமண்டலத்துக்குக் குடிபோய்க் கொண்டிருந்தது. கவர்னர் போவார்; கவர்னரின் சம்சாரம் போவார்; காரியதரிசிகளும் குமாஸ்தாக்களும் தஸ்தாவேஜுப் பெட்டிகளும் போகும். 1820-களில் ஜான் சல்லிவன் துரை கட்டிய கல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, வெயிலில் வேகும் மாகாணத்தை ஆளுவார்கள். ஆகவே கோடை பிறந்ததும் பட்டணத்தில் வசதி படைத்த தம்பதிகள் இந்தப் பாதையில் மேற்கு நோக்கி ஓடினார்கள்.

அதே வாரங்களில் வேறொரு கூட்டம் பட்டணத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து எழும்பூருக்கும், வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து சென்ட்ரலுக்கும் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வந்த கூட்டம் அது. பள்ளிக்கூட வாத்தியார், கோர்ட்டு குமாஸ்தா, கணக்குப்பிள்ளை, அவரவர் மனைவிமார், தகர டிரங்குப் பெட்டி, முறுக்கு டின், வெற்றிலைப் பெட்டி, கூஜா. ஆளுகிறவர்கள் எந்த வெயிலுக்குப் பயந்து ஓடினார்களோ, அந்த வெயிலிலே ஆளப்படுகிறவர்கள் சுகம் காண வந்தார்கள்.

இது அறியாமையா? நான் அப்படி நினைக்கவில்லை. கோர்ட்டும் பள்ளிக்கூடமும் கோடையில்தான் மூடுகின்றன. நெல் அறுத்துக் களஞ்சியத்தில் சேர்ந்தாகிவிட்டது. அடுத்த உழவுக்கு நாள் இருக்கிறது. தவிர, திருச்சிக்காரனுக்கும் வேலூர்க்காரனுக்கும் சென்னையின் வெயில் ஒரு வெயிலே அல்ல. அவர்கள் ஊரில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: கடற்காற்று. வெயிலில் தரை சீக்கிரம் கொதித்துவிடுகிறது. கடல் மெதுவாகத்தான் சூடாகிறது. தரைமேல் உள்ள காற்று சூடேறி மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று பாய்ந்து வருகிறது. மேற்கத்திக் காற்று பலமாக இருக்கும் கத்திரி நாட்களில் அது வரத் தாமதமாகும். அன்று பட்டணம் அடுப்புத்தான். பாடியைப் போல உள்ளே தள்ளியிருக்கும் ஊருக்கு அது இன்னும் தாமதமாக, களைத்துப்போய் வந்து சேரும். ஆனால் மாலையில் கடற்கரைக்கே போய் உட்கார்ந்துவிட்டால் அந்தச் சுகத்துக்கு ஈடு இல்லை, காசும் இல்லை.

சரித்திரப் புத்தகங்கள் உதகமண்டலம் போன தம்பதிகளைப் பற்றி நிறையச் சொல்கின்றன. எத்தனை விருந்து, எத்தனை நடனம், எந்தச் சீமாட்டி எந்த உடையில் வந்தாள் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. பட்டணம் வந்த தம்பதிகளைப் பற்றி ஒரு வரிகூடக் காண்பது அரிது. கோடையில் பட்டணம் வந்து, தேதியோடும் விலாசத்தோடும் பத்திரிகையில் ஏறிய தம்பதி என்று உடனே நினைவுக்கு வருகிறவர்கள் ஒரே ஜோடிதான்.

1915, ஏப்ரல் 17. சென்ட்ரல் நிலையத்தில் பெருங்கூட்டம். தென்னாப்பிரிக்காவிலிருந்து அந்த ஆண்டு ஜனவரியில் தாய்நாடு திரும்பிய காந்தியும் கஸ்தூரிபாவும் சென்னைக்கு வருகிறார்கள். ரயில் வந்து நின்றதும் ஜனங்கள் முதல் வகுப்புப் பெட்டிக்கு ஓடினார்கள்; அங்கே இல்லை. இரண்டாம் வகுப்பிலும் இல்லை. ரயிலின் கோடியில், மூன்றாம் வகுப்பிலிருந்து, பல நாள் பிரயாணத்தில் அழுக்கேறிய துணியோடு மெலிந்த மனிதர் ஒருவர் மனைவியுடன் இறங்கிக்கொண்டிருந்தார். மாணவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஜார்ஜ் டவுனில் தம்புச் செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் ஜாகை. சுமார் மூன்று வாரம், கத்திரி வெயில் தொடங்கிய பிறகும்.

அவர்கள் சுகம் காண வரவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். 1913-ல் கஸ்தூரிபா தென்னாப்பிரிக்காவில் மூன்று மாதம் சிறையில் இருந்து, உடல் நொந்து வெளியே வந்தவர். ஏப்ரல் 21-ம் தேதி விக்டோரியா பப்ளிக் ஹாலில் நடந்த வரவேற்பில் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே உபசாரம் நடந்தது. பதில் சொன்ன காந்தி தம் சார்பிலும் தம் மனைவியின் சார்பிலும் நன்றி கூறிவிட்டு, இந்தப் புகழெல்லாம் நாகப்பன், நாராயணசாமி, வள்ளியம்மை முதலியவர்களுக்கே உரியது என்றார். பதினாறு வயதில் சிறைக் காய்ச்சலில் மாண்ட வள்ளியம்மையின் பெற்றோருடைய சீமையைப் பார்க்க மாயவரம், தரங்கம்பாடிப் பக்கமும் போய்வந்தார். அதுவும் ஒரு பாடிதான். ஆனால் நம் பாடி அல்ல.

பத்திரிகையில் ஏறாத தம்பதிகளுக்கு வருகிறேன். அவர்களைப் பற்றித் தஸ்தாவேஜு இல்லாததால், கதை எழுதுகிறவனுக்கு உள்ள உரிமையை எடுத்துக்கொண்டு ஒரு ஜோடியை நானே உண்டாக்கிக் கொள்கிறேன். பெயர் வேண்டாம். ஆண்டு 1936. அவன் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியன். கல்யாணமாகி மூன்று வருஷம். அண்ணன் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் குமாஸ்தா; பாடியில் குடித்தனம். ஆட்கள்தாம் கற்பனை; அவர்கள் பார்க்கப்போகிறவை எல்லாம் உள்ளவை.

கிராமத்துக் கூட்டுக் குடும்பத்தில் புருஷனும் பெண்சாதியும் பகலில் பேசிக்கொள்வது அபூர்வம். கூடத்தில் மாமியார், தாழ்வாரத்தில் நாத்தனார், திண்ணையில் மாமனார். அவனுக்குச் சாதம் போடும்போது இலையைப் பார்த்துப் பேச வேண்டும்; கிணற்றடியில் எதிர்ப்பட்டால் குடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். மூன்று வருஷத்தில் அந்தப் பெண் தன் கணவனுடன் வெளியே சேர்ந்து நடந்தது குலதெய்வக் கோயிலுக்கு மட்டுமே. அதுவும் பத்தடி பின்னால், இடையிலே பதினைந்து பேர் உறவினர்.

பாடியிலே ஓர்ப்படியாள் நல்ல மாதிரி. காலையில் பழைய சோறும் மாவடுவும் போட்டு அனுப்புகிறாள்.

"அக்கா, நாங்க போயிட்டு வந்துடறோம்."

"போயிட்டு வா தங்கச்சி. பராக்குப் பார்த்துக்கிட்டே பின்தங்கிடாதே. மூர் மார்க்கெட்டிலே நல்ல அரிவாள்மணை கிடைச்சா ஒண்ணு வாங்கிட்டு வா."

வில்லிவாக்கத்தில் ரயில் ஏறினால் சென்ட்ரல். தாம்பரம் பாதையில் 1931 முதலே மின்சார ரயில் ஓடியது என்றாலும், இந்தப் பக்கம் அப்போது கரி எஞ்சின்தான். ஜன்னலோரம் உட்கார்ந்த பெண்ணின் கண்ணில் கரித்தூள் விழுகிறது. இவன் வேஷ்டி நுனியைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி ஒற்றி எடுக்கிறான். பெட்டியில் இருக்கிற யாரும் அதை ஒரு பொருட்டாகவே கருதவில்லை! ஊரில் இப்படிச் செய்திருந்தால் தை மாதம் வரையில் பேசுவார்கள்.

சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே மூர் மார்க்கெட்டும் பீப்பிள்ஸ் பார்க்கும். 1859-ல் கவர்னராக வந்த டிரெவெல்யன் துரை உண்டாக்கிய தோட்டம் அது. அங்கேதான் உயிர் காலேஜ். மிருகக் காட்சி சாலைக்கு அந்தப் பெயர் வந்தது எப்படி என்று பட்டணத்துக்காரர்களே பலர் அறிய மாட்டார்கள். 1851-ல் மியூசியம் தொடங்கியபோது அது இருந்த இடம் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் காலேஜ் கட்டிடம். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க ஏற்பட்ட கலாசாலை அது. மியூசியம் 1854-ல் பாந்தியன் சாலைக்குப் போய்விட்டது. ஆனால் ஜனங்களின் வாயில் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மியூசியத்தை நடத்திய எட்வர்டு பால்பர் என்ற டாக்டர் கெட்டிக்காரர். பாடம் செய்த மிருகங்களோடு ஒரு நிஜப் புலியையும் கட்டிவைத்தால் கூட்டம் வரும் என்று கண்டுகொண்டார். வந்தது. கர்நாடக நவாபின் மிருகங்களும் சேர, 1855-ல் ஒரு மிருகக் காட்சி சாலையே ஏற்பட்டு, 1860-களின் தொடக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. அன்று முதல் ஒன்று செத்த காலேஜ், மற்றொன்று உயிர் காலேஜ். சர்வகலாசாலைகள் எத்தனையோ வந்துவிட்டன. இவ்வளவு தெளிவாகப் பாடத்திட்டத்தைப் பெயரிலேயே சொன்ன காலேஜ் வேறு இல்லை.

புலிக் கூண்டுக்கு முன்னால் நம் பெண் நின்றுவிட்டாள். புலி கொட்டாவி விட்டது. அவள் பயந்து கணவனின் முழங்கையைப் பிடித்தாள். பிடித்ததை உணர்ந்து விட்டாள். புலி மறுபடியும் கொட்டாவி விட்டது.

மூர் மார்க்கெட்டில் வேறு விதமான ஆபத்து. 1900-ம் ஆண்டு திறந்த அந்தச் சிவப்புக் கட்டிடத்தில், பழைய புத்தகம் முதல் கிராமபோன் தட்டு வரையில், கிளி முதல் கிழிந்த ஜமக்காளம் வரையில் விற்காத சாமான் இல்லை. முதலில் சொல்கிற விலையில் கால் பங்குக்குக் கேட்க வேண்டும் என்பது சாஸ்திரம். கூட்டமோ தேர்க் கூட்டம். பத்தடி பின்னால் நடந்தால் பெண்சாதி காணாமல் போய்விடுவாள். ஆகவே அவள் பக்கத்தில் நடக்க வேண்டியிருந்தது. மேல் துண்டின் நுனி ஒன்று அவன் தோளிலும் மற்றொன்று அவள் கையிலும். ஆணும் பெண்ணும் சமமாக நடக்க வேண்டும் என்று மேடையில் எத்தனையோ பேர் பேசினார்கள். அவர்கள் பேச்சு எட்டாத வீட்டுப் பெண்ணை மூர் மார்க்கெட்டின் நெரிசல் புருஷனுக்குப் பக்கத்தில் நடக்கவைத்தது.

மறுநாள் செத்த காலேஜ். அந்தப் பாந்தியன் என்ற இடத்துக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனி துரைமார்களும் துரைசானிகளும் கூடி நடனமாடிய மண்டபம் அங்கேதான் இருந்தது. மெழுகுவர்த்திச் சரவிளக்குகளின் கீழே அவர்கள் ஜோடி ஜோடியாகச் சுழன்ற அதே நிலத்தில், நூறு வருஷத்துக்கும் மேல் கழிந்தபின், மன்னார்குடித் தம்பதி திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அமராவதிப் பளிங்குச் சிற்பங்களை அவன் விளக்கினான். பாதி தவறாக விளக்கியிருப்பான். வெண்கலச் சிலைகளுக்கு முன்னால் வந்ததும் விளக்கம் தேவைப்படவில்லை. திருவாலங்காட்டு நடராஜரைக் கண்டதும் அவள் செருப்பில்லாத காலைச் சேர்த்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செத்த காலேஜில் சாமி இருக்கலாமா என்று கேட்டாள். ஆசிரியனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் சரியாகத் தெரியாது.

அப்புறம் டிராம். 1895 முதல் ஓடிக்கொண்டிருந்த வண்டி. அந்த வருஷம் தமிழ்ப் பேசும் படங்களுக்கு ஐந்தாவது வயது, எஸ்.எஸ். வாசன் எழுதிய கதையை வைத்து எடுத்த 'சதிலீலாவதி' வெளிவந்த வருஷம். குடியினால் கெட்ட கணவனும் கற்பினால் உயர்ந்த மனைவியும் என்றால் அண்ணன் வீட்டில் அனுமதி தாராளமாகக் கிடைத்திருக்கும். அந்தப் படத்தில் சின்ன வேஷத்தில் ஒரு புதிய பையன் நடித்தான், எம்.ஜி. ராமச்சந்தர் என்று பெயர். நம் தம்பதி அவனைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த நாட்களின் சிகரம் கடற்கரைதான். அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1881-ல் கவர்னராக வந்த கிராண்ட் டப் துரை, கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் உலாவும் சாலை போட்டு, இத்தாலி தேசத்து நினைவாக அதற்கு 1884-ல் மெரினா என்று பேர் வைத்தார். வெள்ளைக்காரர்கள் கோச்சு வண்டியில் வந்து காற்று வாங்கிப் போவார்கள். போகப் போக நம் ஜனங்கள் மணலைப் பிடித்துக்கொண்டார்கள். 1909-ல் ஏற்பட்ட மீன் காட்சி சாலை அங்கே இருந்தது. கண்ணாடித் தொட்டியில் வர்ண மீன்கள். குழம்பில் மட்டும் மீனைப் பார்த்தவர்களுக்கும், குழம்பில்கூடப் பார்க்காதவர்களுக்கும் ஒரே மாதிரி ஆச்சரியம். சுண்டல், மாங்காய்ப் பத்தை. சென்னைக் கார்ப்பரேஷன் 1930 முதல் மாலை வேளைகளில் ரேடியோ ஒலிபரப்பு நடத்தி, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்திருந்தது. சங்கீதம் ஆகாயத்திலிருந்து வந்தது. பாடுகிறவர் எங்கே என்று நம் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். 1938-ல் அகில இந்திய ரேடியோ நிலையம் வந்த பின்புதான் கார்ப்பரேஷன் இந்தக் கைங்கரியத்தை விட்டது.

அந்த மணலில் அவர்கள் உட்கார்ந்தார்கள். எதிரே கடல். இருட்டியதும், 1894 முதல் ஹைகோர்ட்டின் உச்சியில் எரிந்துகொண்டிருந்த கலங்கரை விளக்கு வெளிச்சத்தைச் சுழற்றியது. சுற்றிலும் ஆயிரம் பேர். ஆயிரம் பேரில் ஒருவருக்கும் இவர்களைத் தெரியாது. கிராமத்தில் நாலு பேர் நடுவில் கிடைக்காத தனிமை பட்டணத்தில் ஆயிரம் பேர் நடுவில் கிடைத்தது. அவள் தன் கணவனின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். என்ன பேசினார்கள் என்று நாவலாசிரியனுக்குக்கூட ஒட்டுக்கேட்க உரிமை இல்லை.

கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் வட்ட வடிவமான ஒரு கட்டிடம் கண்ணில் படும். ஐஸ் ஹவுஸ். 1840-களில் அமெரிக்காவிலிருந்து, உறைந்த ஏரிகளை வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலேறி வந்து இங்கே இறங்கியது. துரைமார்களின் கோடையைக் குளிர்விக்கப் பூமியில் பாதியைச் சுற்றி வந்த பனிக்கட்டி! உள்ளூரில் இயந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கியபின் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சமயம் தங்கிப் பேசியது இந்த வீட்டில்தான். 1917 முதல் சில ஆண்டுகள் இதிலே குடியிருந்தவர்கள் வேறு. சகோதரி சுப்பலட்சுமி நடத்திய விடுதியின் இளம் விதவைகள். பதினொரு வயதில் தாமே விதவையாகி, படித்துப் பட்டம் பெற்றவர் அந்த அம்மாள். புருஷன் முகம் எப்படி இருந்தது என்றே அறியாத சிறுமிகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். எதிரே மணலில் புருஷன் பெண்சாதி ஜோடிகள் சுண்டல் தின்றுகொண்டிருக்க, அந்தக் கட்டிடத்துச் சாளரங்களுக்குப் பின்னால் அவர்கள் விளக்கு வைத்துப் பாடம் படித்தார்கள். கோடைச் சுகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்த எனக்கு இந்தக் கட்டிடத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. மெரினாவின் அந்த மாலைகளில் இரண்டு பக்கமும் உண்டு.

கடைசி ரயிலைப் பிடித்து வில்லிவாக்கத்தில் இறங்கி, அரிக்கேன் விளக்கோடு எதிர்கொண்ட அண்ணனுக்குப் பின்னால், பழையபடி பத்தடி தள்ளி அவள் நடந்தாள். அரிவாள்மணை வாங்க மறந்துவிட்டது என்பது பாடி எல்லையில்தான் நினைவுக்கு வந்திருக்கும். மூன்று வாரம் கழித்து ஊர் திரும்பியபோது மாமியார் கேட்டிருப்பாள்: "பட்டணத்திலே என்னடி பார்த்தே?" புலி பார்த்தேன், திமிங்கிலம் பார்த்தேன் என்று சொல்லியிருப்பாள். மற்றதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

ஆறு வருஷம் கழித்து வந்த கோடை வேறு மாதிரி.

1942, ஏப்ரல் முதல் வாரம். ஜப்பானிய விமானங்கள் 5-ம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று ஊரெல்லாம் பேச்சு. அவசியமில்லாதவர்கள் பட்டணத்தை விட்டுப் போய்விடலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. ஆபீசுகள் பல வெளி ஜில்லாக்களுக்கு மாறின. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ஜனங்கள் ரயில் பெட்டி ஜன்னல் வழியாக ஏறினார்கள். ஜட்காக்காரன் கேட்டது கூலி. வாழ்நாளில் மாட்டு வண்டியில் ஏறாத வக்கீல் வீட்டு அம்மாள்கள் மாட்டு வண்டியில் ஏறினார்கள். கோடைக்குப் பட்டணம் வந்த உறவினர்கள் போக, பட்டணத்து உறவினர்கள் கோடைக்குக் கிராமம் தேடினார்கள். மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் வீடு வீடாகப் பூட்டுத் தொங்கியது; மேற்கே போகும் சாலைகளில் இருந்த ஊர்களில் மாட்டுக் கொட்டகைக்கும் வாடகை கேட்டார்கள். பாடி அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் அன்று எத்தனை குடும்பம் முடங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவில் புலி உலாவுமே என்று அதிகாரிகளுக்குக் கவலை. மிருகக் காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலி முதலிய கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். மீன் காட்சி சாலையும் அந்த வருஷத்தோடு மூடியது. மறுபடி திறக்கவே இல்லை. உயிர் காலேஜ் அந்தக் கோடையில் பாதி செத்த காலேஜ் ஆயிற்று. சென்னையின் மீது குண்டு விழுந்தது 1943 அக்டோபரில்தான். அதுவும் ஒரு தனி விமானம் இரவில் வந்து போட்டுவிட்டுப் போனது. கொட்டாவி விட்ட அந்தப் புலியால் யாருக்கும் தீங்கு வந்திராது.

யுத்தம் முடிந்தபின் எல்லாம் வேகமாக மாறிவிட்டன. ஆவடி யுத்த காலத்திலேயே ராணுவத் தளமாகிவிட்டது. 1955 ஜனவரியில் அங்கே காங்கிரஸ் மகாசபை கூடியது. அதே வருஷம் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. டிராம் 1953 ஏப்ரலில் நின்றுவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். குடும்பத்தார் பாடியில் மோட்டார் சாமான் தொழிற்சாலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆரம்பித்தார்கள்: லூகாஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, கிளேட்டன். கொஞ்ச தூரத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. காலைச் சங்கு ஊதியது. வேப்ப மரங்கள் இருந்த இடங்களில் ஓட்டு வீட்டு வரிசைகள் எழும்பின. அவற்றில் தஞ்சாவூர், திருச்சிச் சீமை இளைஞர்கள் வந்து குடியேறினார்கள். கல்யாணமானதும் மனைவியை அழைத்து வந்து தனிக்குடித்தனம் வைத்தார்கள். ஒரே அறை, ஒரு ஸ்டவ், வாசலில் தண்ணீர்க் குடம். மாமியார் தஞ்சாவூரில். 1936-ல் மூன்று வாரக் கோடைக்கு மட்டும் கிடைத்தது, இந்தப் பெண்களுக்கு வருஷம் பூராவும் கிடைத்தது. ஷிப்டு முடிந்து அவன் வந்த பிறகு, அவன் தூங்கிவிடாமல் இருந்தால்.

1985 ஒரு கெட்ட வருஷம். அந்தக் கோடையில், மே 30-ம் தேதி, மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்துபோயிற்று. அதற்குச் சற்றுப் பின்னால், ஜூலை மாதம், உயிர் காலேஜ் வண்டலூரில் புதிதாகத் திறக்கப்பட்டது. அங்கே விலங்குகளுக்கு இடம் விஸ்தாரம்; சென்ட்ரலில் இறங்கி நடந்து போய்ப் புலி பார்ப்பது முடிந்துபோன காரியம். பழைய பெயரையும் யாரும் அங்கே எடுத்துச் செல்லவில்லை. செத்த காலேஜில் திமிங்கிலமும் திருவாலங்காட்டு நடராஜரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். 2011-ல் அம்பத்தூரோடு பாடியும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஆகவே பாடியிலிருந்து பட்டணத்துக்குப் போகிறேன் என்று இப்போது சொன்னால் இலக்கணப் பிழை.

மூர் மார்க்கெட் நின்ற இடத்தில் ரயில்வேக்காரர்கள் பெரிய கட்டிடம் கட்டினார்கள். புறநகர் ரயில்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. டிக்கெட் பதிவு செய்யும் இடமும் அங்கேயே அமைந்தது. கோடைக்கு முன்னால் அந்த ஜன்னல்களுக்கு எதிரே, பாடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வந்த இளம் கணவன் மனைவிகள் வரிசையில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கூட்டம் நெருக்கியது. அவள் அவன் பக்கத்திலேயே நின்று, படிவத்தில் எழுதுவதைத் திருத்திக்கொண்டிருந்தாள். கேட்டது நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு இரண்டு டிக்கெட். உதகமண்டலம் போகிறார்களாம். இரவு சென்ட்ரலை விட்டுக் கிளம்பும் அந்த வண்டி சற்று நேரத்தில் வில்லிவாக்கத்தைத் தாண்டும். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால், இடது கைப்பக்கம் இருட்டில் பாடியின் விளக்குகள் தெரியும்.